பழைய வண்டிகளின் கணினிப் பூட்டைத் திறந்துவிடுங்கள்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டிலிருந்து எழுதுகிறேன். மலையடிவாரத்தில் ஏத்தன் வாழை போட்டிருக்கிறோம். மனைவி வழியில் திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் மேட்டு ஓரமாகக் கொஞ்சம் முருங்கையும் உண்டு. இந்த இரண்டு இடத்துக்கும் போய்வர ஒரு வெளிநாட்டுச் சொகுசு ஜீப் வைத்திருக்கிறேன். 2008 மாடல், டீசல், நான்கு சக்கரமும் இழுக்கும். என் அண்ணன் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து செகண்ட் ஹாண்டில் வாங்கியது, அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. இந்த வண்டியை ஓடவைக்க நாங்கள் படும் பாட்டைப் பற்றியும், அதில் உங்கள் துறையால் செய்யக்கூடிய ஒரு காரியத்தைப் பற்றியும்தான் இந்த மடல்.

என்ன கேட்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வண்டியின் பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம் என்று அரசு எத்தனை காலம் அனுமதிக்கிறதோ, அத்தனை காலமும் அதைப் பழுதுபார்க்கத் தேவையான கையேடு, வயரிங் படம், கணினி மென்பொருள் மூன்றையும் தயாரிப்பாளர் நியாயமான விலைக்கு எந்த மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும். இதை விதியாகக் கொண்டுவாருங்கள்.

தயாரித்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இது ஒரு நிறுவனத்தோடு முடிகிற கதை இல்லை. இந்த வகை வண்டி வைத்திருக்கும் வேறு ஆட்களோடு பேசிப் பார்த்தேன். பெயர்ப்பலகை வேறு, நாடு வேறு, பாடு ஒன்றுதான்.

இவ்வளவு சிரமத்தில் அதை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று உறவுக்காரர்களே கேட்கிறார்கள். தேரி மணலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி வராது. செக்கச் சிவந்த, பொடிப்பொடியான மணல். சாதாரணக் கார் நாலடி போனால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். இந்த வண்டியில் ஒரு பொத்தானை அமுக்கினால் உடம்பு முழுவதும் மேலே எழும்பும். லோ கியரில் போட்டு மெதுவாக விட்டால் மணலை மிதித்துக்கொண்டு ஏறிப் போய்விடும். ஐப்பசி கார்த்திகையில் எங்கள் தோட்டத்துக் கால்வாய்க் கரை களிமண்ணாக வழுக்கும்போதும் அப்படித்தான். எஞ்சின் இன்றைக்கும் முதல் திருப்பில் பிடிக்கிறது. கடற்கரைப் பக்கம் அதிகம் போவதால் உப்புக்காற்றில் அடிப்பாகத்தில் கொஞ்சம் துரு உண்டு. அதையும் வருஷாவருஷம் சுரண்டி, பெயின்ட் அடித்துக் காப்பாற்றி வருகிறோம். இரும்பைப் பொறுத்தவரை இன்னும் நெடுநாள் ஓடக்கூடிய வண்டி.

சிக்கல் கணினியில்தான் வருகிறது.

இந்த வண்டிக்கு இரும்புச் சுருள்வில் கிடையாது. நான்கு சக்கரத்துக்கு மேலும் ரப்பர் காற்றுப்பைகள்தான் உடம்பைத் தாங்குகின்றன. ஒரு சின்ன கம்ப்ரஸர் அவற்றில் காற்றை ஏற்றும். ஒவ்வொரு மூலை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சென்சார்கள் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ரப்பருக்கு வயதாகிவிட்டால் மடிப்பு விழுகிற இடத்தில் வெடிப்பு விடும். இரவு நேராக நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கசிகிற காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் கருகிப்போகும். கருகிய கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டுக் கசிகிற பையை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போய்ச்சேரும்.

பாளையங்கோட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணாச்சி அப்படிச் செய்யவில்லை. லாரியிலும் அம்பாசடர் டீசலிலும் வேலை கற்றவர், காமன் ரெயில் எஞ்சின் வந்த பிறகு அதையும் தானாகவே படித்துக்கொண்டவர். சோப்புத் தண்ணீரைத் தடவி, நுரை எந்த இடத்தில் பொங்குகிறது என்று பார்த்துக் கசிவைக் கண்டுபிடித்தார். காற்றுப்பையை வெளியிலிருந்து வரவழைத்தோம். பழைய கம்ப்ரஸரைப் பிரித்து உள்ளே இருந்த பிஸ்டன் ரிங்கை மாற்றினார், ஈரம் உறிஞ்சும் மணிகளையும் மாற்றினார். ஒரு ரப்பர் புஷ் கிடைக்கவில்லை என்று லேத் பட்டறையில் அளவு கொடுத்து நைலானில் கடைந்து வாங்கினார். இது அத்தனையும் நெல்லையிலேயே முடிந்தது. வேலை சுத்தம்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு காரியம் பாக்கி. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் உயரத்தை அளந்து, அந்த நான்கு எண்களை வண்டியின் கணினிக்குச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் எது நேர், எது சாய்வு என்று அதற்குத் தெரியும். அளக்கிற டேப் அண்ணாச்சியிடம் இருக்கிறது. எண்ணை வாங்கிக்கொள்ளும் மென்பொருள் அவரிடம் இல்லை. அது தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற சேவை மையத்தில் மட்டும்தான் இருக்கிறது, அப்படிப்பட்ட மையம் எங்கள் பக்கத்தில் இல்லை. வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி நான்குவழிச் சாலையில் இன்னொரு பெருநகரத்துக்கு அனுப்பினோம். நான்கு எண்களுக்காக. அங்கேயோ, வெளியில் வாங்கிய பாகம் போட்டிருப்பதால் தொட மாட்டோம், முழு செட்டையும் எங்களிடமே மாற்றினால் பார்க்கலாம் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு நல்ல பழைய காரே வாங்கலாம்.

“அண்ணாச்சி, வண்டியில ஒரு கொறையும் இல்ல. கடைசி பொத்தான அமுக்க எனக்கு உரிமை இல்ல, அம்புட்டுதான்” என்றார் மெக்கானிக். அவரை விட வயதில் சிறியவன் நான். அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுவது ஊர் வழக்கம். ஆனால் அன்றைக்கு அவர் குரலில் இருந்த சங்கடம் வழக்கமானது இல்லை. தன் கையில் முடிகிற வேலையை முடிக்கவிடாமல் ஒரு தொழிலாளியை நிறுத்திவைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. கடைசியில் வேறு மாநிலத்திலிருந்து ஒரு தனியார் ஆள் மடிக்கணினியோடு வந்து, எங்கிருந்தோ கிடைத்த ஒரு மென்பொருளை வைத்து அந்த வேலையை முடித்தார். அது முறையானதா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலையில் ஒரு குடிமகனை வைக்கலாமா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஸ்டியரிங்குக்கு அடியில் 16 முனை கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறதே, சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். பார்த்தோம். எஞ்சினின் புகை சம்பந்தப்பட்ட பிழைக் குறியீடுகள் மட்டும் பொதுவானவை, அவை தெரியும். மாசுக் கட்டுப்பாட்டுக்காக அரசுகள் கட்டாயப்படுத்தியதால் அவை திறந்திருக்கின்றன. சஸ்பென்ஷன், பிரேக், கியர்பாக்ஸ் எல்லாம் தயாரிப்பாளரின் தனி மொழியில் பேசுகின்றன. அரசு கேட்ட இடத்தில் திறந்தார்கள், கேட்காத இடத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த ஒரு சாக்கெட்டே சாட்சி.

காற்றுப்பையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சாதாரண சுருள்வில் போட்டுக்கொள்ளும் வழியும் இருக்கிறது. நிறையப் பேர் அப்படி மாற்றிவிட்டார்கள். எனக்கு மனசு வரவில்லை. எழும்புகிற உடம்பு போய்விட்டால் தேரியில் பாதி பலம் போய்விடும். எச்சரிக்கை விளக்கு வேறு எந்நேரமும் எரிந்துகொண்டே இருக்கும். நிஜமான ஆபத்து ஒன்று வரும் நாளில் அந்த விளக்கை யார் நம்புவது?

கியர்பாக்ஸ் கதை சின்னது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் எண்ணெய் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லாதது என்று வண்டியோடு வந்த புத்தகம் சொன்னது. அந்த வகை ஆறு கியர் பெட்டியைச் செய்கிற ஜெர்மானிய நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைச் சொன்னார்களோ தெரியவில்லை. மாற்றும்போது எண்ணெயின் சூடு ஏறத்தாழ 40 டிகிரியில் இருக்கையில்தான் அளவு பார்க்க வேண்டும், அந்தச் சூட்டைக் காட்டுவதும் கணினிதான். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே எண்ணெய் அந்தச் சூட்டை நெருங்கிவிடுகிறது. அண்ணாச்சி விடியற்காலையில் வந்து அந்த வேலையைச் செய்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை ஊருக்குள்ளேயே வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த நாட்களில் இந்த வண்டி பால், மாத்திரை, குடிதண்ணீர் கொண்டுபோனது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்ற தெருக்களில் உடம்பைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தது. டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியிருந்த ஒரு பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டோம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் டிராக்டர் வைத்திருந்தவர்களும் மீனவர்களும் எங்களைவிட எத்தனையோ மடங்கு செய்தார்கள். பழசு என்று ஒதுக்கப்படும் ஒரு வண்டி எதற்குப் பயன்படும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தண்ணீர் வடிந்த பிறகு கைபிரேக் வேலை செய்யவில்லை. இந்த வண்டியில் அது கம்பி இழுக்கிற கைபிரேக் இல்லை, மின்மோட்டார். சேற்றைக் கழுவி மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. அதை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தண்ணீர் போய் அது பாழாகிவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி கிடைத்தது, நல்ல நிலைமையில், கட்டுப்படியாகிற விலைக்கு. மாட்டினால் வண்டி அதை ஏற்கவில்லை. பெட்டிக்குள் பழைய வண்டியின் சேஸிஸ் எண் எழுதப்பட்டிருந்தது. அதை அழித்து எங்கள் எண்ணை எழுத வேண்டும், எழுதும் உரிமை மறுபடியும் அதே சேவை மையத்துக்குத்தான். அவர்கள் பழைய பெட்டிக்கு எழுத மாட்டார்கள், புதுசு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். வீட்டை விற்றுக் காசை எண்ணி வாங்கியவர் சாவிக்கொத்தில் பாதியைத் தன் இடுப்பிலேயே சொருகிக்கொண்டு போவதுபோல இருந்தது எனக்கு. அதுவரை எங்கு நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைத்தோம். மலையடிவாரத்துச் சரிவில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், இரண்டரை டன் வண்டிக்குக் கல். பூட்டி வைப்பது பாதுகாப்புக்காக என்று சொல்கிறவர்கள் அந்தக் கல்லைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பிரச்சினை உங்கள் துறைக்குப் புதிது இல்லை என்பது எனக்குத் தெரியும். 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு விரோதம் என்பதுதான் அந்தத் தீர்ப்பு. கையேடுகளைப் பொதுவில் வைக்கவும் ஆணையம் சொன்னது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, பட்டறைகளில் நிலைமை மாறவில்லை. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று உங்கள் துறையே ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், மொபைல், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளமும் தொடங்கினீர்கள். மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது நிறுவனங்கள் விரும்பிச் சேர்கிற ஏற்பாடு. விரும்பாதவரை என்ன செய்வது? ஒரு பொருளைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று காட்டும் பழுதுநீக்கக் குறியீடு பற்றி 2025-இல் அறிக்கை வந்தபோது அதில் மொபைலும் மின்னணுப் பொருட்களும்தான் இருந்தன, வண்டிகள் இல்லை.

வெளிநாடுகளில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்தே இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலேயே வெளி மெக்கானிக்குகளுக்குத் தகவல் தரச் சொல்லி விதி போட்டது. ஆஸ்திரேலியாவின் திட்டம் 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அது 2002 முதல் தயாரான வண்டிகளுக்குப் பொருந்துகிறது. எனக்கு இதில் பிடித்தது அந்த 2002. இனிமேல் செய்யும் வண்டிகளுக்கு மட்டும் என்று அவர்கள் தப்பித்துக்கொள்ளவில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத் தேவையும் அதுதான்.

பதிவுக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 15 வருஷம் முடிந்தால் தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம் என்பது சட்டம். 2022 ஏப்ரல் முதல் அதற்கான கட்டணம் சாதாரணக் காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதிக் காருக்கு 40,000. 20 வருஷத்தைத் தாண்டினால் இறக்குமதி வண்டிக்கு 80,000 என்று 2025 ஆகஸ்டில் உயர்த்தினார்கள். நாங்கள் 2023-இல் கட்டிப் புதுப்பித்தோம். கட்டணம் அதிகம் என்று முறையிட இந்த மடலை எழுதவில்லை. பழைய வண்டி புகை விடாமல், பிரேக் பிடித்து ஓட வேண்டும் என்று அரசு எதிர்பார்ப்பது நியாயம். அப்படி ஓடவைப்பதற்கான தகவலை என் மெக்கானிக்குக்கு வாங்கித் தருவதும் அதே நியாயத்தில்தான் சேரும். ஐந்து வருஷம் ஓடலாம் என்று ஒரு அலுவலகம் முத்திரை குத்துகிறது. அந்த ஐந்து வருஷமும் இதன் பிரேக்குக்கு உயிர் கொடுக்க மாட்டேன் என்று இன்னொருவர் சொல்லலாம் என்றால் அந்த முத்திரைக்கு மதிப்பு என்ன?

பணக்காரர் வண்டிக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது நினைக்கலாம். முதலில் வாங்கியவர் பணக்காரர், சரி. பத்து வருஷம் கழித்து இது யார் கையில் இருக்கிறது? வாழை விவசாயி, டிராவல்ஸ் ஓட்டுகிறவர், கல்குவாரி மேஸ்திரி. இன்னொன்றும் இருக்கிறது. சொகுசு வண்டியில் முதலில் வந்தது பிறகு எல்லாவற்றிலும் வந்துவிடுகிறது. 50 குதிரைசக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதி வந்து, எஞ்சினுக்குள் கணினி ஏறியாயிற்று. புகை குறைவது நல்லதுதான். ஆனால் பிசானம் என்கிற நெல் பருவத்து அறுவடையில் தாமிரபரணிப் பாசனத்து வயல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் விளைந்து நிற்கும். அப்போது அறுவடை இயந்திரம் ஒரு சென்சார் பிழையால் வயல் நடுவில் நின்றுவிட்டால், கணினியோடு கம்பெனி ஆள் வரும் வரை நெல் காத்திருக்காது. ஒரு மழை போதும். என் வண்டிக்கு நடந்தது ஒரு குடும்பத்தின் சிரமம். அங்கே நடந்தால் ஒரு ஊரின் மகசூல்.

திருட்டுக்குப் பயந்து பூட்டுகிறோம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சாவியையும், சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இம்மொபிலைசரையும் யார் வேண்டுமானாலும் மாற்றும்படி திறக்கச் சொல்லவில்லை. அதற்கு ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் சரிபார்த்து, பதிவுசெய்த மெக்கானிக்குக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் காற்றுப்பையின் உயரத்தைச் சொல்வதால் யாரும் வண்டியைத் திருட முடியாது. கியர் எண்ணெயின் சூட்டைப் பார்ப்பதாலும் முடியாது. இரண்டையும் ஒரே பூட்டுக்குள் வைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பேட்டை அரசு ஐ.டி.ஐ. போன்ற இடங்களில் படித்துவிட்டுப் பட்டறைக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கணினி அவர்களுக்குக் கைவந்த விஷயம். மல்டிமீட்டரை வைத்து ஒரு வயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பொறுமையாகத் தேடிப் போகிறார்கள். வயரிங் படம் மட்டும் கையில் இருந்தால் அரை நாள் வேலையை ஒரு மணி நேரத்தில் முடிப்பார்கள். அண்ணாச்சியின் அனுபவமும் இந்தப் பிள்ளைகளின் வேகமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. தகவல் மட்டும்தான் வரவில்லை.

ஆகவே கேட்கிறேன். கையேட்டையும் மென்பொருளையும் நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ சந்தா கட்டிச் சிறு பட்டறைகளும் பயன்படுத்தும்படி வைக்கச் சொல்லுங்கள். விலைக்கு ஒரு வரம்பு வையுங்கள். முறையாக வாங்கிய பழைய பாகத்தை, சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்த பிறகு, இன்னொரு வண்டிக்கு மாற்றி எழுத மறுக்கக் கூடாது என்று சொல்லுங்கள். மாடல் நின்றுபோய்ப் பாகங்களைத் தயாரிக்கவும் விருப்பமில்லை என்றால், அதன் அளவுகளையும் வரைபடத்தையும் வெளியிடச் சொல்லுங்கள். எங்கள் லேத் பட்டறைக்காரர்கள் மற்றதைப் பார்த்துக்கொள்வார்கள். மீறினால் என்ன தண்டனை என்பதையும் விதியிலேயே எழுதுங்கள். 2002-ஐப் போல ஒரு பழைய ஆண்டிலிருந்து தொடங்குங்கள்.

மெக்கானிக் அண்ணாச்சி ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அவர் பட்டறைக்கு வந்த இந்த மாதிரி வண்டிகளில் எந்த வேலை எந்தக் கட்டத்தில் நின்றுபோனது, எதைக் கேட்டுப் பூட்டு விழுந்தது என்பதையெல்லாம் வண்டி வாரியாக எழுதி வைத்திருக்கிறார். உரிமையாளர்களின் பெயரை மறைத்துவிட்டு அதன் நகலைப் பதிவுத் தபாலில் தனியாக அனுப்புகிறேன். விதியை எழுதும் குழுவில் ஒரு சிறு பட்டறைக்காரரையும் உட்காரவையுங்கள். டெல்லிக்கு வரச் சொன்னால் வருவதற்கு அவர் தயார். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
களக்காட்டு வாழை விவசாயி ஒருவன்